ஒரு குழந்தைக்கு எத்தனை அம்மாக்கள்? ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குழந்தை வளரும் விதம்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போனால் யூவெண்டுமு வரும். நடு ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையில் வார்ல்பிரி மொழி பேசும் மக்கள் வாழும் ஊர். அங்கே ஜங்காலா பிரிவைச் சேர்ந்த ஆணுக்கும் நுங்கராயி பிரிவைச் சேர்ந்த பெண்ணுக்கும் குழந்தை பிறந்தால், ஆண் குழந்தை ஜம்பிஜின்பா, பெண் குழந்தை நம்பிஜின்பா. யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பெற்றோர் இன்ன பிரிவு என்றால் பிள்ளை இன்ன பிரிவு என்பது முன்பே தீர்ந்துபோன கணக்கு. மொத்தம் எட்டுப் பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். ஆண் பெயர்கள் 'ஜ' வரிசையில் தொடங்கும், பெண் பெயர்கள் 'ந' வரிசையில் தொடங்கும்.

இன்னும் பேச்சு வராத அந்தக் குழந்தைக்கு இந்த ஒரு பெயர் பெரிய காரியம் செய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் வேறோர் ஊரிலிருந்து வந்தாலும், குழந்தை நம்பிஜின்பா என்று கேட்டவுடன், அவள் தனக்குத் தங்கை முறையா, மகள் முறையா, பேத்தி முறையா, எட்ட நின்று மரியாதை காட்டவேண்டிய முறையா என்று அவருக்கு விளங்கிவிடும். முறை தெரிந்தால் கடமையும் தெரியும். யார் அவளுக்கு ஊட்ட வேண்டும், யார் கண்டிக்கலாம், யார் கேலி பேசி விளையாடலாம், வளர்ந்தபின் யாரை மணக்கலாம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அப்பாவின் அப்பாவும் ஜம்பிஜின்பாவாகவே இருப்பார். ஆகவே பேரனும் தாத்தாவும் ஒரே பெயரில், ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஒரு பூர்வகுடிக் குழந்தையின் வளர்ச்சியைக் குடும்பமும் சமூகமும் பண்பாடும் எப்படி வடிக்கின்றன என்று புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். குழந்தை வளர்ப்பு என்றால் தாயும் சேயும் என்று இரண்டு பேரை மட்டும் மனக்கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தச் சமூகத்தில் நடப்பதில் பாதி கண்ணில் படாது. படுகிற பாதியும் தவறாகப் படும். அப்படித் தவறாகப் பார்த்ததன் விலையை இந்த மக்கள் 200 ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 'பூர்வகுடிக் குழந்தை' என்று ஒருமையில் எழுதுவது வசதிக்காக மட்டுமே. 1788இல் ஆங்கிலேயர் வந்து குடியேறியபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. வார்ல்பிரியின் எட்டுப் பிரிவு முறை சிட்னிக் கடற்கரையில் கிடையாது. வடகிழக்கு ஆர்ன்ஹெம் நிலத்து யோல்ங்கு மக்களிடம் துவா, யிரிட்ஜா என்று உலகமே இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கிறது. மனிதர், விலங்கு, காற்று, நிலம் என எல்லாமே ஏதாவது ஒரு பாதியைச் சேரும். குழந்தை அப்பாவின் பாதி, அம்மா எதிர்ப்பாதி. 2021 கணக்கின்படி பூர்வகுடிகளும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் சேர்ந்து ஏறத்தாழ 9 லட்சத்து 84 ஆயிரம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 3.8 விழுக்காடு. அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பெருநகரங்களில் வாழ்கிறார்கள். பாலைவன முகாமின் படம் ஒன்றை மட்டும் மனதில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

உறவுக்குள் பிறப்பது

பெரும்பாலான பூர்வகுடிச் சமூகங்களில் அம்மாவின் சகோதரிகள் எல்லோரும் குழந்தைக்கு அம்மாக்கள். அப்பாவின் சகோதரர்கள் எல்லோரும் அப்பாக்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் உடன்பிறப்புகள். அம்மாவின் சகோதரரும் அப்பாவின் சகோதரியும் மட்டும் வேறு வரிசை.

பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதைப் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை. பெரியப்பா மகள் அக்கா, மாமன் மகள் முறைப்பெண் என்ற கணக்கு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மானிடவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டு முதலே திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலியாவின் சில உறவுமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இரண்டின் அமைப்பும் ஒத்துப்போவது உண்மை. இதை வைத்துக்கொண்டு அவர்களும் நாமும் ஒரே இரத்தம் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். உறவுமுறை ஒத்திருப்பது இரத்த உறவுக்குச் சான்றாகாது. அந்த வழியில் போக வேண்டாம்.

வேறுபாடு எங்கே என்றால், நம் உறவுமுறை சொந்தக்காரர்களோடு, மிஞ்சினால் சாதியோடு நின்றுவிடுகிறது. வார்ல்பிரி முறை தனக்கு வெளியே யாரையும் விடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் ஆசிரியருக்கோ செவிலியருக்கோகூட ஒரு பிரிவைக் கொடுத்துவிடுவார்கள். உறவுப்பெயர் இல்லாத ஆளோடு எப்படிப் பழகுவது என்பது அங்கே உண்மையான சிக்கல். இப்படிச் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆசிரியர் வகுப்பில் இருக்கும் சில பிள்ளைகளுக்குச் சித்தி, சிலருக்கு அக்கா, ஒருத்திக்கு மகள் முறைகூட ஆவார்.

குழந்தையின் வளர்ச்சிக்கு இதனால் என்ன கிடைக்கிறது? முதலாவது, பாதுகாப்பு பல தோள்களில் பரவுகிறது. பெற்ற தாய் நோயில் விழுந்தாலோ, வேலைக்காக நகரம் போனாலோ, மனம் சோர்ந்து கிடந்தாலோ குழந்தைக்கு 'மாற்று ஏற்பாடு' தேட வேண்டியதில்லை. ஏற்கெனவே அம்மாவாக இருக்கும் இன்னொருத்தியின் வீட்டில் அது ஏற்கெனவே பாதி நாள் இருந்திருக்கும். பாட்டிகளின் பங்கு இதில் மிகப் பெரியது. பேரப்பிள்ளைகளை முழுப் பொறுப்பாக ஏற்று வளர்க்கும் பாட்டி அங்கே அபூர்வமல்ல. தாய் ஒருத்தியோடு மட்டும் ஏற்படும் இறுக்கமான பிணைப்பே ஆரோக்கியமான மனவளர்ச்சியின் அடையாளம் என்று மேற்கத்திய உளவியல் நீண்ட காலம் கருதிவந்தது. அந்த அளவுகோல் பலரால் வளர்க்கப்படும் குழந்தையின் நிறைவை அளக்கப் போதாது என்று பூர்வகுடி உளவியலாளர்களும் ஆய்வாளர்களும் வாதிட்டு வருகிறார்கள்.

இரண்டாவது, குழந்தை பிறரிடமிருந்து வாங்கிக்கொள்பவளாக மட்டும் இருப்பதில்லை; கடன்பட்டவளாகவும் இருக்கிறாள். வார்ல்பிரி மக்களிடம் அப்பா வழியாக வரும் நிலத்துக்கும் சடங்குக்கும் ஒருவர் கிர்டா, அதாவது உரிமையாளர். அம்மா வழியாக வரும் நிலத்துக்கும் சடங்குக்கும் அவரே குர்டுங்குர்லு, அதாவது மேற்பார்வையாளர். உரிமையாளர் ஆடும்போது, பாடும்போது, கோலம் தீட்டும்போது சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துத் திருத்துவது மேற்பார்வையாளரின் பொறுப்பு. ஒருவர் இல்லாமல் மற்றவர் சடங்கை நடத்த முடியாது. ஒவ்வொருவரும் ஓரிடத்தில் உரிமையாளர், இன்னோரிடத்தில் மேற்பார்வையாளர். அதிகாரத்தைப் பற்றிய இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதில்லை. இரவு முழுக்க நடக்கும் சடங்கில் பாட்டியின் மடியில் தூங்கி விழுந்து, நடுவில் விழித்து, மறுபடி தூங்கி, அப்படியே கற்றுக்கொள்கிறார்கள்.

கண்டிக்காத வளர்ப்பு

வெளியாட்களை மிகவும் குழப்புவது பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் சுதந்திரம். கைக்குழந்தையை யாராவது ஒருவர் இடுப்பில் வைத்திருப்பார். அழுத நொடியில் பால் கிடைக்கும். தனியறையில் தனியாகத் தூங்க வைப்பது என்ற பேச்சே இருக்காது. நடக்கத் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. சிறுவர் கூட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஏழெட்டு வயதுச் சிறுமியின் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி ஏறிக்கொள்வான். பெரியவர்கள் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், குறுக்கிடுவது குறைவு. தொன்றுதொட்டு வரும் வளர்ப்பு முறையில் பசித்தபோது சாப்பாடு, தூக்கம் வந்தபோது தூக்கம். குழந்தை தன் விருப்பம் உடைய முழு மனிதப் பிறவி, அதன் விருப்பத்தை அடித்து வளைப்பது முறையல்ல என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது.

அப்படியானால் ஒழுக்கம் எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து என்று சொல்லலாம். ஒன்று பயம். மேற்குப் பாலை மக்களின் கதைகளில் மாமு என்ற கெட்ட ஆவிகள் உண்டு. இருட்டில் முகாமைவிட்டுத் தள்ளிப் போகும் பிள்ளையை அவை பிடித்துக்கொள்ளும். வார்ல்பிரிப் பிள்ளைகளுக்குப் பங்கர்லாங்கு என்ற பூதம். 'போகாதே' என்று அப்பா கட்டளையிடுவதைவிட, போனால் என்ன ஆகும் என்று பிள்ளையே முடிவுசெய்ய விடுகிற உத்தி இது. இரண்டாவது, பகிர்தல். தவழும் குழந்தையின் கையில் உணவைக் கொடுத்து, அடுத்த நொடியே 'எனக்குத் தா' என்று கேட்பார்கள். குழந்தை நீட்டினால் சுற்றியிருப்பவர்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரிப்பார்கள். எண்ணும் எழுத்தும் வருவதற்கு வெகுகாலம் முன்பே கற்றுத்தரப்படும் பாடம் இது. மூன்றாவது, சங்கோசம். கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிவதே, பாராட்டப்பட்டாலும்கூட, கூச்சம் தருவது. வகுப்பு முன்னால் எழுப்பி நிறுத்திக் கைதட்டினால் பூர்வகுடிப் பிள்ளை சுருங்கிப்போவதைப் பார்த்துக் குழம்பிய ஆசிரியர்கள் பலர். தண்டனையாகத் தோன்றும் ஒன்றைப் பரிசென்று கொடுத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கற்பதும் இதே போக்கில்தான். பெரியவர் செய்வதை அருகிலிருந்து பார், முடியும் என்று உனக்கே தோன்றும்போது செய். விடை தெரிந்துகொண்டே கேள்வி கேட்டுச் சோதிப்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம். 'இது என்ன நிறம்?' என்று கேட்கும் ஆசிரியருக்கு அது தெரியாதா என்றுதான் பிள்ளைக்கு முதலில் தோன்றும். பிட்ஜந்த்ஜாரா மொழி பேசும் சிறுமிகள் மணலில் கதை சொல்லும் ஒரு கலை உண்டு. மில்பத்ஜுனான்யி என்று பெயர். வளைந்த குச்சியையோ கம்பியையோ தாளத்தோடு தரையில் தட்டிக்கொண்டே, மற்றொரு கையால் மணலைத் துடைத்துச் சமப்படுத்தி, ஆங்கில 'யு' எழுத்துப்போல ஒரு வளைவு வரைந்தால் அது உட்கார்ந்திருக்கும் ஒருவர். பக்கத்தில் இன்னொரு வளைவு வந்தால் இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காட்சி முடிந்ததும் துடைத்துவிட்டு அடுத்தது. நேற்று யார் வீட்டில் சண்டை, யார் எங்கே தூங்கினார்கள், எந்தக் கார் பழுதானது எல்லாம் அதில் வரும். கதைக் கோப்பு, நினைவாற்றல், கைத்திறன், பிறர் மனநிலையைக் கணித்தல் என்று குழந்தை வளர்ச்சிப் பட்டியலில் தனித்தனியாக எழுதப்படுபவை இந்த ஒரு விளையாட்டில் ஒன்றாக வளர்கின்றன. ஆனால் எந்தத் தேர்வும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

நிலமும் மொழியும்

பூர்வகுடி மக்கள் 'நிலம்' என்று சொல்லும்போது சொத்தை நினைப்பதில்லை. மூதாதையர் நடந்து உருவாக்கிய வழித்தடங்கள், அந்தத் தடத்தின் பாட்டு, அங்குள்ள நீர்நிலை, விலங்கு, அவற்றுக்குச் செய்ய வேண்டிய கடமை எல்லாம் அதில் அடக்கம். நடு ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டே மக்களிடம், தான் கருவுற்றதைத் தாய் முதலில் உணர்ந்த இடத்தோடு குழந்தைக்கு வாழ்நாள் பிணைப்பு ஏற்படும் மரபு உண்டு. பிள்ளைகளை வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் கூட்டிப்போகும்போது புவியியலும் உயிரியலும் சட்டமும் அறமும் ஒரே நடையில் கற்பிக்கப்படுகின்றன. பாலைவனப் பிள்ளைகள் விலங்குகளின் தடங்களோடு, மனிதர்களின் காலடித் தடத்தைப் பார்த்தே யார் போனது என்று சொல்லக்கூடியவர்கள்.

பூர்வகுடி மக்களின் நலம் பற்றி உளவியலாளர்கள் கிரஹாம் கீ, பாட் டஜன் முதலியோர் வகுத்த மாதிரி ஒன்று இன்று ஆஸ்திரேலியா முழுதும் பயன்படுகிறது. உடல், மனம், குடும்பமும் உறவும், சமூகம், பண்பாடு, நிலம், முன்னோர் வழி ஆன்மிகம் என்ற ஏழு பிணைப்புகள் சேர்ந்ததே ஒருவரின் நலம் என்கிறது அது. உடலும் மனமும் மட்டுமே மருத்துவர் தொட்டுப் பார்ப்பவை. மீதி ஐந்தில் ஒன்று அறுந்தாலும் குழந்தை நோகும்.

மொழி விஷயத்தில் ஒரு நல்ல வேடிக்கையைச் சொல்ல வேண்டும். லஜாமனு என்ற வார்ல்பிரி ஊரில் 1980கள் தொடங்கி பிள்ளைகள் வார்ல்பிரியையும் ஆங்கிலத்தையும், ஆங்கிலத்திலிருந்து கிளைத்த பூர்வகுடிக் கலப்பு மொழியான கிரியோலையும் பிசைந்து, தமக்கென்று இலக்கணம் உள்ள புதிய மொழி ஒன்றை உருவாக்கிவிட்டார்கள். மொழியியலாளர் கார்மெல் ஓஷானஸி அதை ஆராய்ந்து 'இலகு வார்ல்பிரி' என்று பெயரிட்டார். பண்பாடு என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் நல்ல பதில்.

அரசின் கொள்கை அத்தனை இலகுவாக இல்லை. இந்த ஊர்கள் அடங்கிய வடக்கு ஆட்சிப்பகுதியில் 1973இல் தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிக் கல்வி தொடங்கியது. 2008இல் பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் என்ற உத்தரவு வந்து அதன் முதுகெலும்பை முறித்தது. வார்ல்பிரி மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் நிலத்தில் நடக்கும் தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் உரிமப் பணத்தில் 2005இலேயே கல்வி அறக்கட்டளை ஒன்றை அமைத்திருந்தார்கள். மொழி, பண்பாட்டு வகுப்புகளுக்கு அதிலிருந்து செலவிடுகிறார்கள்.

நகரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது?

நிறையவே. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தால் பாசம் என்ற மரவிலங்கின் தோலில் சுற்றி வைப்பார்கள். குழந்தை வளர வளர மேலும் தோல்களைச் சேர்த்துத் தைத்துப் போர்வையைப் பெரிதாக்குவார்கள். உட்புறத்தில் குலத்தின் கோலங்களைக் கீறுவார்கள். பெரியவரானபோது அவர் தோளில் கிடப்பது அவர் வரலாறு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய போர்வைகள் இரண்டு மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1999இல் அவற்றைப் பார்த்த விக்கி கசன்ஸ், லீ டரோக் முதலிய பூர்வகுடிப் பெண் கலைஞர்கள் அந்தக் கலையை மீட்டெடுத்தார்கள். இன்று விக்டோரியாவில் பிறப்பு, பட்டமளிப்பு, இறப்பு என்று மறுபடியும் அந்தப் போர்வைகள் வந்துவிட்டன.

உறவுமுறையின் பழைய இலக்கணம் தேய்ந்த இடங்களிலும் அதன் பொருள் நிலைத்திருக்கிறது. சிட்னியில் பூர்வகுடிக் குழந்தை ஒன்று மூத்தவர்களை 'ஆன்டி', 'அங்கிள்' என்று அழைத்தால் அது சம்பிரதாயப் பேச்சல்ல. சமூகம் அங்கீகரித்த மதிப்பு. இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி என்ன வேலை என்பதல்ல. எந்த ஊர், யாருடைய ஆள் என்பதே. 1971 முதல் நியூ சவுத் வேல்ஸில் அக்டோபர் நீண்ட விடுமுறையில் நடக்கும் பூர்வகுடி ரக்பி போட்டித் தொடர், விளையாட்டு என்ற பெயரில் நடக்கும் மாபெரும் குடும்பக் கூடல். வென்ற அணியின் ஊரே அடுத்த ஆண்டு நடத்தும். மைதானத்தோரம் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு அங்கேதான் தன் உறவின் நீள அகலம் தெரியவருகிறது. அதே 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையம் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே பூர்வகுடிப் பெண்கள் நடத்திய முராவினா பாலர் பள்ளியும் வந்தது. பிள்ளைக்குச் சோறும் பாடமும் தன் முகச்சாயல் உள்ளவர் கையால் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அறுத்த கதை

சிட்னியின் மேற்கே பிளாக்டவுன் என்ற பெருநகரப் பகுதி இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த இடம். வென்ட்வொர்த்வில், டூங்காபி எல்லாம் பக்கம். அந்த ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று அங்கு வாழும் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். நியூ சவுத் வேல்ஸின் ஆங்கிலேய ஆளுநர் மக்குவாரி 1814இன் இறுதியில் ஆணையிட்டு, 1815இன் தொடக்கத்தில் பரமட்டாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 'நாகரிகப்படுத்துவது' நோக்கம். சேர்த்த பிள்ளையைப் பெற்றோர் தம் விருப்பப்படி திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. டாருக் இனச் சிறுமி ஒருத்தி 1819இல் நடந்த பொதுத்தேர்வில் ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறத்தாழ 100 பேரையும் முந்தி முதலிடம் பெற்றாள். பின்னாளில் மரியா லாக் என்று அறியப்பட்டவர் அவரே என்று கருதப்படுகிறது. அறிவு குறைவு என்ற வாதம் அன்றே செத்திருக்க வேண்டும். 1823இல் பள்ளி இடம் மாறியது. அது போய்ச் சேர்ந்த பூர்வகுடிக் குடியிருப்பை 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் ஊர், என்று அழைத்ததிலிருந்தே இன்றைய ஊரின் பெயர் எழுந்தது.

அடுத்த நூற்றாண்டில் இது சட்டமாகவே ஆயிற்று. நியூ சவுத் வேல்ஸில் 1909இன் சட்டத்தை 1915இல் திருத்தி, நீதிமன்ற விசாரணையே இல்லாமல் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசு வாரியத்துக்குக் கொடுத்தார்கள். சிறுமிகள் கூட்டமுண்ட்ரா இல்லத்துக்கு, வீட்டுவேலைக்குப் பயிற்சி. சிறுவர்கள் கிஞ்சேலா இல்லத்துக்கு. அங்கே பிள்ளைகளைப் பெயரால் அல்ல, எண்ணால் அழைத்தார்கள். பிறந்தவுடன் உறவுப்பெயர் தரும் சமூகத்தின் பிள்ளைக்கு எண் கொடுத்தால் எதைப் பறிக்கிறோம் என்பது இனி விளக்கம் வேண்டாததாக இருக்கும். 1910 முதல் 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டதாக 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 'களவாடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

குழந்தை வளர்ச்சியின் பார்வையில் இதன் கொடுமை ஒரு தலைமுறையோடு முடியவில்லை. இல்லத்தில் வளர்ந்தவருக்குத் தாயாக இருப்பது எப்படி என்று கண்ணால் கண்ட அனுபவம் இல்லை. பார்த்துக் கற்கும் பண்பாட்டில் பார்க்கவே வாய்க்கவில்லை என்றால் எதைக் கற்பது? மேற்கு ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2002 வரை 5,289 பூர்வகுடிக் குழந்தைகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டவர்கள் வளர்க்கும் பிள்ளைகளுக்குக் கடுமையான மன, நடத்தைச் சிக்கல் வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. மருத்துவமனை, பள்ளி, கடை எல்லாவற்றிலும் பின்தங்கிய மிகத் தொலைவான ஊர்களில், பண்பாடு வலுவாக இருக்கும் இடங்களில், இந்த ஆபத்து நகரத்தைவிடக் குறைவு. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய கண்டுபிடிப்பு இதுவே.

இன்றைய கண்கள்

இன்று நாட்டின் குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் ஏறத்தாழ 6 விழுக்காடு. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பாதுகாப்பில் இருக்கும் குழந்தைகளிலோ 40 விழுக்காட்டுக்கும் மேல். எல்லாம் தவறான முடிவுகள் என்று சொல்ல முடியாது. வன்முறையும் போதையும் சில வீடுகளில் உண்மை. ஆனால் பிள்ளை மூன்று வீடுகளில் மாறி மாறித் தூங்குகிறது என்று அதிகாரியின் குறிப்பில் எழுதப்படும்போது, அது கவனிப்பாரற்ற நிலையா, மூன்று அம்மாக்களின் வீடா என்று எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசாதது மரியாதையாக இருக்கலாம். சொன்னதைக் கேளாமல் இருப்பது காது கேளாததாலும் இருக்கலாம். தொலைதூர ஊர்களில் நடுக்காது அழற்சி கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிக் கேட்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் பண்பாட்டின் தலையில் கட்டுவதும் சோம்பல். மூன்று அறை வீட்டில் பதினைந்து பேர் இருப்பது பண்பாடு அல்ல, வீட்டுப் பற்றாக்குறை. பள்ளியில் சேரும்போது ஐந்து வளர்ச்சித் துறைகளிலும் சரியாக இருக்கும் பூர்வகுடிக் குழந்தைகள் 2021இல் 34.3 விழுக்காடு, எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 55. இந்த இடைவெளியில் வறுமைக்கும் நோய்க்கும் இனவெறிக்கும் பங்கு உண்டு; மதிப்பிடும் ஆசிரியரின் மொழிக்கும் அளவுகோலுக்கும் பங்கு உண்டு.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் எங்கே வைப்பது என்பதற்கு 1980கள் முதல் சட்டங்களில் ஏறிய விதி ஒன்று உள்ளது. முதலில் சொந்த உறவினர், அடுத்து அதே சமூகத்தினர், அதற்கும் அடுத்து வேறு பூர்வகுடிக் குடும்பம். யாருமே இல்லையென்றால்தான் வெளியார். 1981இல் உருவான ஸ்னைக் என்ற தேசியப் பூர்வகுடிக் குழந்தைகள் அமைப்பு இதைக் காக்கப் போராடி வருகிறது. காகிதத்தில் நல்ல விதி. உறவினரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை இல்லாத அலுவலகத்தில் அது காகிதமாகவே இருந்துவிடுகிறது.

2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர்களும் அதற்கான சான்றிதழ்ப் படிப்பு படிப்பவர்களும் நிறையப் பேர். குடும்பமும் சமூகமும் பண்பாடும் பூர்வகுடிக் குழந்தையை எப்படி வடிக்கின்றன என்பது அவர்கள் பாடத்தில் கேள்வியாகவே வரும். மணலில் புள்ளி வைத்து ஓவியம் வரைய வைப்பதும், பூமராங் பொம்மையைச் சுவரில் மாட்டுவதும் விடையல்ல. உங்கள் காப்பகம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டூங்காபி என்ற பெயரே டாருக் மக்களின் டுகாகல் குலத்திலிருந்து வந்தது. உறவில் ஒருவர் இறந்தால் பிள்ளை ஒரு வாரமோ இரண்டு வாரமோ வராமல் இருக்கலாம். இழவுக்குப் போவது அந்தச் சமூகத்தில் தட்டிக்கழிக்க முடியாத கடமை. இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்கக் கூடாது என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. பிள்ளையின் பெயரும் அதுவாக இருந்தால் வேறு பெயரில் அழைக்கச் சொல்வார்கள். ஏன் என்று குடைய வேண்டாம், அழையுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் தாய், தந்தை என்று இரண்டு வரி இருக்கும். அதோடு நிறுத்தாமல், இந்தப் பிள்ளையை வளர்ப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெற்றோர் எழுத்தில் அனுமதித்தவரோடு மட்டுமே பிள்ளையை அனுப்பலாம் என்பது நாட்டுச் சட்டம். ஆகவே பாட்டி, பெரியம்மா, சித்தி, மூத்த அக்கா என்று அத்தனை பேரின் பெயரையும் முதல் நாளே எழுதி வாங்கிவிட்டால், மாலையில் வேறொரு அம்மா வந்து நிற்கும்போது அவரை வாசலில் நிறுத்தி அடையாள அட்டையும் அனுமதியும் கேட்டுப் பிள்ளை எதிரில் தலைகுனிய வைக்கும் நிலை வராது.